ராவுத்தர் காருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

கார் வைத்திருப்பவனைவிடக் கார் இல்லாதவனுக்குத்தான் காரைப் பற்றி அதிகம் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நான் எங்கும் அலையவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றேன், தெரிந்துவிட்டது.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு முன்னால், பினாங்கில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. (சின்னக் கிராணி என்றால் வேறொன்றுமில்லை, பெரிய கிராணி தும்மினால் ஜன்னலைச் சாத்துகிற உத்தியோகம்.) சொந்த வாகனம் என்று ஒரு சைக்கிள் இருந்தது. செயின் கழன்றால் மாட்டத் தெரியாது, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருவேன். ஆனால் கப்பலிலிருந்து ஒரு மோட்டார் வண்டி இறங்கிவிட்டால் போதும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். "ஸ்பிரிங் சரியில்லை", "கதவு கனம் போதாது" என்று யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்வேன். மூட்டை இறக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு ஜென்மம்.

அந்த ஜென்மத்துக்கு ஒரு பெண்மேல் ஆசை வந்தது. பெயர் பிலோமினா. புக்கிட் மெர்த்தாஜாமில் தலைமையாசிரியராக இருந்த தேவசகாயம் மாஸ்டருடைய ஒரே மகள். அந்த ஊர் அன்னம்மாள் கோயில் திருநாளில், கையில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் சட்டைக்கை கருகியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மனதுக்குள் குடும்பமே நடத்தத் தொடங்கிவிட்டேன்.

அப்பா இல்லாத வீடு. அம்மாதான் சொந்தக்காரர்கள் மூலமாகப் பெண் கேட்டாள். மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது: தைப்பிங் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருக்கும் ஒரு பையனும் கேட்டிருக்கிறான், அவனுக்கு மோட்டார் சைக்கிள் உண்டு, இரண்டு வீட்டையும் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முதலில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகளோடு பினாங்குக்கு வந்து, கோயிலில் பூசை கண்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ஃபெரியில் திரும்புவதாக ஏற்பாடு.

தேவசகாயம் மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் சுத்தக்காரர். கஞ்சி போட்ட வெள்ளை டிரில் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் தவிர வேறு எதிலும் அவரை யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு முன்னால் நகத்தைத்தான் பார்ப்பார். முன்பு பெண் கேட்டு வந்த ஒருவனைக் கை குலுக்கும்போதே நகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் அனுப்பிவிட்டாராம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு, மூளை உள்ளவனாக இருந்தால் நகத்தை வெட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். நான் என்ன செய்தேன்? 'ஃபெரித் துறைக்கு என் கார் வரும்' என்று சொல்லி அனுப்பினேன்.

"யாரோட காருடா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏற்பாடு பண்றேன்லா" என்றேன்.

ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே கார், சூலியா தெருவில் வெங்காயமும் கருவாடும் மொத்த வியாபாரம் செய்த ஷாகுல் ராவுத்தருடையது. அவருடைய சரக்கை எங்கள் ஆபீஸ்தான் இறக்கிக் கொடுக்கும். யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தலையைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போன வண்டி அது. மேலே கித்தான் கூரை, உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. ராவுத்தர் அதில் ஏறுவதே கிடையாது. கார் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும் அவருக்கு. கிடங்கில் வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுச் சிப்பத்துக்கும் நடுவே அதுவும் ஒரு சரக்காகக் கிடந்தது.

"கார்தானே, எடுத்துக்குங்க தம்பி. உள்ளே மட்டும் கொஞ்சம் தொடச்சுக்குங்க. மழைக்கு மூடினது, தொறக்கவே இல்லே" என்றார் ராவுத்தர்.

"சீட்டு ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?" என்று நான் கேட்டேன். குரலில் நிபுணர்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்கார்ற எடம், தம்பி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மதியம் ராவுத்தரின் டிரைவர் வேலு அண்ணன் வண்டியை எங்கள் வீட்டுச் சந்துக்கு ஓட்டி வந்தார். கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை முதலில் இறங்கியது. சீட்டு முழுவதும் பச்சையாகப் பூஞ்சணம். கதவோரத்துப் பித்தளை கறுத்துப் போயிருந்தது. காலடியில் விரித்திருந்த கயிற்றுப் பாயைத் தூக்கினால் அடியில் ஒரு கரப்பான் குடும்பம் என்னைப் பார்த்தது.

"வேலு அண்ணே, ஒரு கை கொடுங்க."

"நான் என்ஜின் ஆளு தம்பி. உள்ளே தொடைக்கிறதெல்லாம் என் வேலையில சேராது" என்று சொல்லிவிட்டு அவர் எங்கள் வாசல் பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டார். அந்த மனிதருக்கு என்ஜினும் தெரியாது என்பது வேறு கதை.

சரி, நான் தனியாகவே இறங்கினேன். முதல் காரியமாக அம்மாவின் சீயக்காய்த் தூளைக் கரைத்தேன். தேங்காய் நாரை எடுத்துச் சீட்டைக் கரகரவென்று தேய்த்தேன். பூஞ்சணம் போயிற்று, கூடவே தோலின் மேல்பூச்சும் போயிற்று. அப்புறம் வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். சீட்டுக்குள் இருப்பது குதிரை மயிர் என்றோ, அது தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என்றோ நான் யோசிக்கவில்லை. கையால் அழுத்தினால் 'சளக்' என்றது. காய்ந்துவிடும் என்று கூரையை மடக்கிவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினேன்.

வெயில் தன் வேலையைச் செய்தது. உள்ளே ஈரம் அப்படியே இருக்க, மேல்தோல் மட்டும் விறைத்து, வெளுத்து, கோடு கோடாக வெடித்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். அப்பளம் மாதிரி சத்தம் வந்தது. பிலோமினா, மாஸ்டர், தைப்பிங் டிரஸ்ஸர், அவனுடைய மோட்டார் சைக்கிள் எல்லாரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போனார்கள்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் துரை என்றைக்கோ யாரிடமோ சொன்னது நினைவுக்கு வந்தது: தோலுக்குத் தீனி போடாவிட்டால் வெடித்துவிடும். என்ன தீனி என்று அவர் சொல்வதற்குள் நான் அறையைவிட்டு வெளியே வந்திருந்தேன். அதனால் என்ன? மனுஷத் தோலுக்கு என்ன தீனி? எண்ணெய். என்றைக்கு? சனிக்கிழமை. இன்று என்ன கிழமை? சனிக்கிழமை. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எனக்கு நானே பதில் சொல்லிப் பூரித்துப்போனேன். நூறு தலைமுறையாக வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஜாதியில் பிறந்தவனுக்குத் தோலைப் பற்றி எந்த வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அடுப்படியிலிருந்த தேங்காயெண்ணெய் ஜாடியோடு வெளியே வந்தேன். வெடிப்புகளை மறைக்கச் சிவப்பு பூட்ஸ் பாலிஷை வாங்கி வந்து அதில் போட்டேன். கருவாட்டு வாடைக்குக் கற்பூரம் நுணுக்கிப் போட்டேன். மூன்றையும் கரியடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"சீட்டுக்கு எண்ணெய்க் குளியல்மா."

"எண்ணெய் தேச்சா அப்புறம் சீயக்காய் போட்டு அலசணும்லா. அப்படியே விட்டா யாரு உக்கார்றது?"

"சீயக்காய் முதல்லேயே போட்டாச்சு."

"மொதல்லே போட்டு என்னத்துக்குடா?"

"அம்மா, இது வேற சயின்ஸ்" என்றேன். இந்த வார்த்தையை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. ரசத்தில் உப்புக் கூடினால்கூட, "இது வேற சயின்ஸ்" என்பாள்.

தேய்த்தேன். சும்மா தேய்க்கவில்லை, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன். பின் சீட்டு, முன் சீட்டு, கதவின் உள்பக்கம், முன்னால் இருக்கும் மரப்பலகை, கடைசியில் ஸ்டியரிங் சக்கரத்தையும் விடவில்லை. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினேன். சாம்பிராணி போட்டுத் தூக்கிக் காட்டினேன். பொழுது சாயும்போது அந்த வண்டி பளபளவென்று நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேலு அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லே, மூஞ்சி தெரியுது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் ஒரு அறை விடவேண்டும் போலிருக்கிறது.

விரலால் தொட்டேன், ஒட்டியது. விடிவதற்குள் தோல் குடித்துவிடும் என்று முடிவு செய்தேன். மத்தியானம் முழுக்கத் தண்ணீர் குடித்து வயிறு ஊதிக் கிடந்த சீட்டு, அதற்குமேல் எதையும் குடிக்கிற நிலையில் இல்லை.

ஞாயிறு காலை நானும் வெள்ளை டிரில் சூட்டில் புறப்பட்டேன். இதற்கென்றே தைத்தது. அம்மா ஒரு துப்பட்டியைக் கொண்டுவந்து, "பின்னாலே இதை விரிச்சு உக்கார வைடா. வெள்ளையும் சொள்ளையுமா வர்றாங்க" என்று திணித்தாள். அவள் கோயிலுக்கு வரவில்லை, சமையல் வேலை இருந்தது. அம்மா சொன்னதற்காகப் பின் சீட்டில் விரித்தேன். முன் சீட்டில் வேலு அண்ணன் எப்போதும்போல் தன் கோணிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார், அவருக்கு ஸ்பிரிங் குத்துமாம். நான் ராஜா மாதிரி வெறும் தோலில் உட்கார்ந்தேன்.

ஃபெரி தாமதம். மடக்கிய கூரையோடு வண்டி வெயிலில் நின்றது. நான் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் என்றைக்கும் இல்லாத சிரிப்புச் சிரித்தார்கள். காரைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள் என்று நான் இன்னும் நிமிர்ந்து நடந்தேன்.

ஃபெரி வந்தது. தலையில் தொப்பி, கையில் குடை, உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக மாஸ்டர் இறங்கினார். பின்னால் அரக்குப் பட்டில் மாஸ்டரம்மா, இளநீலச் சேலையில் பிலோமினா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய பளபளப்பை ஒரு பழைய துப்பட்டியால் மூடி வைத்திருக்கிறோமே என்று மனம் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து, துப்பட்டியை ஒரே இழுப்பில் உருவிக் காலடியில் போட்டேன்.

மாஸ்டர் நின்று பார்த்தார். "தம்பியே செஞ்சதா?"

"என் கையாலே, மாஸ்டர்."

"நல்லது. சுத்தமா வெச்சிருக்கிறவங்களைக் கண்டா எனக்கு ஒரு நிம்மதி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பிலோமினா ஏறுமுன் ஒரு விரலால் சீட்டைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தத் துப்பட்டியை எடுத்து, நாலாக மடித்து, தன் இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். என்ன அடக்கம், என்ன எளிமை என்று நான் உருகினேன்.

வண்டி கிளம்பியது. வேலு அண்ணனின் கையில் ஸ்டியரிங் வழுக்கியது. "சுசாவா, கஷ்டமா இருக்கே தம்பி, பிடி நிக்கலே" என்று தலைத்துண்டை அவிழ்த்துச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டர் வழுக்கிப் போய் மனைவிமேல் மோதினார். "என்னங்க இது, நடுத்தெருவிலே" என்று மாஸ்டரம்மா பல்லைக் கடித்தாள். அடுத்த திருப்பத்தில் அவள் போய் அவர்மேல் மோதினாள். பிலோமினா மட்டும் துப்பட்டியின்மேல் அசையாமல் இருந்தாள்.

கோயில் வாசலில் மாஸ்டர் எழுந்தபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் இறங்கி, குடையை ஊன்றி, முன்னால் நடந்தார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். பார்த்த இடத்திலேயே என் உயிர் போய்விட்டது. பால் வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு பெரிய வட்டங்கள். கருஞ்சிவப்பு. எண்ணெய் ஓரமெல்லாம் கசிந்து இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று சொல்வது? மணி அடித்துவிட்டது. பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று கோயில் உபதேசியார் மாஸ்டரை ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சுக்கே அழைத்துப் போய்விட்டார். நான் அடித்துப் பிடித்து அவருக்கு நேர் பின்பெஞ்சில் இடம் பிடித்தேன். சாமியார் லத்தீனில் என்ன ஜெபித்தாரோ எனக்குத் தெரியாது. எல்லாரும் எழும்போது நான் அவருக்கு முன்னாலேயே எழுந்தேன். முழந்தாளிடும்போது உடம்பை முன்னால் சாய்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவராக நின்றேன். ஊர் அவருடைய கால்சட்டையைப் பார்க்காமல் தடுத்துவிட்டால் பிலோமினா எனக்குத்தான் என்று ஒரு கணக்கு.

பின்னால் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். பார்த்துவிட்டார்கள், இன்னும் நெருக்கமாக மறைக்க வேண்டும் என்று நினைத்தேன். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதிக்குப் போகும்போது மாஸ்டரின் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடந்தேன். அவர் ஓர் அடி வைத்தால் நானும் ஓர் அடி. அவர் நின்றால் என் மூக்கு அவர் பிடரியில் இடிக்கும்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி வாங்க" என்று பல்லிடுக்கில் சொன்னார்.

"பரவாயில்லை மாஸ்டர்" என்றேன். (என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.)

சிரிப்பு அதிகமாகியது. பெண்கள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். பிலோமினா முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். பாவம், அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மாஸ்டரை நேராக மதிலோரம் நிற்க வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அதற்குள் உபதேசியார் வந்து சேர்ந்தார். இரக்கமுள்ள மனிதர். அந்த இரக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போட.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "துத்தி இலையை விளக்கெண்ணெயிலே வதக்கி வெச்சுக் கட்டுங்க. எங்க அண்ணனுக்கு அதுலதான் நின்னுச்சு."

"என்ன நின்னுச்சு?" என்றார் மாஸ்டர்.

"மூலம்தான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லே மாஸ்டர்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குமா தம்பி? இந்த வயசிலேயேவா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுத்தது. ஃபெரித் துறையில் அவர்கள் சிரித்த சிரிப்பு, கோயிலில் எழுந்த குசுகுசுப்பு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. மாஸ்டரை நான் மறைத்தது உண்மை. அவரை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை, உபதேசியார் ஒருவரைத் தவிர. மொத்தக் கோயிலும் பார்த்தது என்னைத்தான்.

மாஸ்டரும் கையைப் பின்னால் கொண்டுபோனார். முன்னால் கொண்டுவந்து உள்ளங்கையைப் பார்த்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"தேங்காயெண்ணெய்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க கையாலேதானே?"

கூட்டம் கலையும்வரை நாங்கள் இருவரும் மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றோம். மாஸ்டர் காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். குடையை விரித்துப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்குக் குடையும் இல்லை. நான் கடைசி ஆளாக நடந்தேன், எண்ணெயும் கருவாடும் கலந்த வாசனைக்கு ஒரு நாய் வீடு வரைக்கும் கூடவே வந்தது. எங்களுக்குப் பின்னால் ராவுத்தரின் காரில் மாஸ்டரம்மாவும் பிலோமினாவும் துப்பட்டியைப் பங்கு போட்டுக்கொண்டு சௌகரியமாக வந்தார்கள். (மாஸ்டரம்மாவின் பட்டு என்ன ஆயிற்று என்பது பிறகு தெரிந்தது. அதற்கு அவள் என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.)

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாஸ்டரின் கால்சட்டையை வாங்கி, சோடா உப்புப் போட்டு வேகவைத்தாள். வட்டம் போயிற்று, ஆனால் எங்கும் போகவில்லை, கால்சட்டை முழுவதும் ஒரே சீரான ரோஜா நிறமாகிவிட்டது. என் கால்சட்டை எதுவும் மாஸ்டருக்கு முழங்காலுக்குக் கீழே இறங்காது. கடைசியில் என்னுடைய கைலியைக் கட்டிக்கொண்டார். பச்சையில் ஊதாக் கட்டம். மேலே கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கீழே ஊதாக் கட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது, என் கதை முடிந்தது, தைப்பிங்காரன் ஜெயித்தான் என்று நான் அடுப்படிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்கால ஃபெரி போய்விட்டது. அந்தக் கோலத்தில் அவர் வாசற்படி இறங்குவதாக இல்லை. அம்மா வைத்த கோழிக்குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விளக்கேற்றின பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு ஊர்லே கேப்பாங்க, பினாங்கிலே ராத்திரி எங்கே தங்கினீங்கன்னு. யாரோ ஒருத்தர் வீட்டிலே கைலி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நான் சொல்ல முடியுமா?"

"முடியாது மாஸ்டர்."

"மாப்பிள்ளை வீட்டிலே இருந்தேன்னு சொன்னா, அது ஒரு மாதிரி கௌரவம்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கசாயம் குடித்தவர் மாதிரி இருந்தது. பிறகு மகளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே? தைப்பிங் வீட்டையும் பார்த்துடலாமா?" என்று கேட்டார்.

பிலோமினா அவசரப்படவில்லை. "அவருக்கு மோட்டார் சைக்கிள் இருக்காம்ப்பா. அதுலயும் சீட்டு தோல்தான்" என்றாள். "இவர் இனிமே செய்ய மாட்டார். அவர் இன்னும் செய்யலே."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அழகுக்கோ குணத்துக்கோ சம்பளத்துக்கோ அல்ல. ஒரு முட்டாள்தனத்தை முன்கூட்டியே செய்து முடித்துவிட்டவன் என்கிற ஒரே தகுதிக்காக.

திங்கட்கிழமை ராவுத்தர் ஆளனுப்பினார். பளபளப்பைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்து, வாங்கின நாளாக ஏறாத காரில் வெள்ளை வேட்டியோடு ஏறி உட்கார்ந்திருக்கிறார். "தம்பி, நான் காரைக் கொடுத்தேன். நீங்க பலகாரம் சுட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க" என்றார். அத்தோடு விட்டதா? கருவாட்டைச் சீந்தாத கிடங்கு எலிகள் தேங்காயெண்ணெய் வாசனைக்குக் கூட்டமாக வந்து, சீட்டை ஸ்பிரிங் வரைக்கும் தின்று தீர்த்தன. ராவுத்தர் பிரம்பில் சீட்டுப் பின்னிப் போட்டுக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்குக் காரை அனுப்பட்டுமா என்று கேட்டு அனுப்பினார். மாஸ்டர் ரிக்ஷாவுக்குச் சொல்லிவிட்டதாகப் பதில் போயிற்று.

கல்யாணமான பிறகு ஒரு நாள் பிலோமினாவிடம் கேட்டேன், விரலில் பார்த்துவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

"சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. அப்பா சுத்தத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் வேணும்னு விட்டுட்டேன்" என்றாள்.

மாஸ்டர் மாமாவான பிறகும் அந்த நாளை மறக்கவில்லை, மறக்க விடவுமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் எந்த நாற்காலிக்கு முன்னாலும் நின்று, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, கைக்குட்டையை எல்லாருக்கும் காட்டிவிட்டு, "உட்காரலாமா, மாப்பிள்ளே?" என்பார். என் பிள்ளைகளுக்கு முதலில் பேச வந்த வாக்கியமே இதுதானோ என்று எனக்குச் சந்தேகம். விருந்தாளிகள் முன்னால், கல்யாண வீட்டில், ஆபீஸ் துரை வந்திருந்தபோதுகூட "உட்காரலாமா, மாப்பிள்ளே?"

ஜப்பான்காரன் சண்டையெல்லாம் ஓய்ந்து வெகுகாலம் கழித்து நானும் ஒரு கார் வாங்கினேன். தோல் சீட்டுதான். உலர்ந்த துணியைத் தவிர வேறெதையும் அதன் கிட்டே விடவில்லை. அப்போது மாமாவுக்கு நெஞ்சில் வலி வந்து, பினாங்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கார்க் கதவருகே நின்றார். ஏறவில்லை.

"உட்காரலாமா, மாப்பிள்ளே?"

நான் சீட்டை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்து, கையை அவர் கண்முன் விரித்துக் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"நகம் வெட்டணும்" என்றார். உட்கார்ந்தார்.

அந்தத் தடவை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அடக்கத்தன்று கல்லறைக்குப் போகும் வண்டி வாசலில் வந்து நின்றது. அவரை வெள்ளை உடுப்பிலேயே பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனபோது, அழுதுகொண்டிருந்த பிலோமினா எங்களை நிறுத்தச் சொன்னாள். முன்னால் போனாள். பெட்டி வைக்கிற பலகையை ஒரு விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வைக்கலாம்" என்றாள்.